குத்தூசியின் மற்றப் பக்கம் நின்றவளுக்கு

என்ரை ராசு மச்சாள்,

நீ இருக்கிற இடத்தில் மணல் பறக்காது என்று நினைக்கிறேன். இங்கேயும் இனிப் பறக்க விடமாட்டோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாளைக்கு உன் திவசம். வாசிகசாலைப் பிள்ளைகள் தங்கள் கையெழுத்துப் பத்திரிகையில் போடுவதற்கு உன்னைப்பற்றி ஏதாவது எழுதித் தரச்சொன்னார்கள். "நான் மூண்டாம் வகுப்பு, என்னத்தை எழுதுறது?" என்று கேட்டேன். "கதைக்கிற மாதிரி எழுதுங்கோ மாமி, பிழை இருந்தால் நாங்கள் திருத்துறம்" என்றார்கள். கதைப்பதென்றால் நான் உன்னோடுதானே கதைப்பேன்? மற்றவர்கள் விரும்பினால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கட்டும்.

பெரிய மனிதர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்று புத்தகம் அச்சடித்து ஊருக்குக் கொடுப்பார்கள். உனக்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை. அடிபட்டுச் செத்த விதவைக்கு என்னவென்று எழுதுவது என்று அன்றைக்கு எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்த மாட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இந்தப் பிள்ளைகள் அப்போது தொட்டிலில் கிடந்தவர்கள். அவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

புயல் அடித்து எங்கள் குடிசைகள் எல்லாம் கடலோடு போன பிறகு, அரசாங்கம் இந்த மணற்பிட்டியில் வரிசையாக வீடு கட்டித் தந்தது. கல்வீடு என்று ஆம்பிளைகளுக்கு ஒரே பெருமை. ஒரு மரமில்லை, ஒரு நிழலில்லை. வாடைக் காற்று தொடங்கியதும் கடற்கரை மணல் முழுக்க வீட்டுக்குள் வந்தது. சோற்றில் மணல், பாயில் மணல், பிள்ளைகளின் கண்ணில் மணல். என் இரண்டாவது பிள்ளைக்குக் கண் பழுத்து, பார்வை போகப் பார்த்தது. உன் புருசனைக் கடல் கொண்டுபோன வருசம் அது. மாரடித்து அழுதுகொண்டிருந்த உன் வாய்க்குள்ளும் மணல் போனது. நீ அழுகையை நிறுத்தித் துப்பினாய். துப்பிவிட்டு என்னைப் பார்த்து, "எடி பாக்கியம், ஆற அமர அழக்கூட விடாத இடமடி இது" என்றாய்.

அடுத்த கிழமை கருவாட்டுக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு புத்தூருக்குப் போனாய். வரும்போது கடகத்தில் அரிசி இல்லை, மரக்கறி இல்லை. தோட்டக்காரரின் வண்டி ஒன்றில் பூவரசங் கதியால்களைக் கட்டாய் ஏற்றிக்கொண்டு, அதன் மேலே ராசாத்தி மாதிரிக் குந்தியிருந்து வந்தாய். கருவாட்டைக் கொடுத்துவிட்டுத் தடி வாங்கி வந்திருக்கிறாள், புருசன் போன துக்கம் விசராக்கிப்போட்டுது என்று சனம் கதைத்தது. கதியால் என்றால் நட்டால் தழைக்கிற தடி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரவர் வேலிக்குத்தான் நடுவார்கள். வீட்டு வாசல்களை ஒட்டிப் போகிற ஒழுங்கைப் பாதைக்கு, எல்லோருக்கும் பொதுவாக, கடற்பக்கம் முழுக்க யார் நட்டார்கள்? நீ நட்டாய். நான் கிடங்கு கிண்டினேன். உன்னோடு வாய்த்த பாவத்துக்கு.

நட்டால் போதுமா? தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆடு கடிக்காமல் பனைமட்டை வரிய வேண்டும், எரு போட வேண்டும். பொதுக் கிணற்றுத் துலாவுக்குக் கயிறு வேண்டும், தண்ணீர் அள்ளப் பட்டை வேண்டும். அதற்கெல்லாம் எங்கே போவது? நீ கடற்கரைக்குப் போய் வள்ளங்கள் கரைக்கு வருகிற இடத்தில் நின்றாய். கோயிலுக்கு ஒரு பங்கு வைக்கிறீர்கள்தானே, சனிக்கிழமைகளில் மரத்துக்கும் ஒரு மீன் வையுங்கள் என்றாய். ஆம்பிளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏன் ராசாக்கா, மரம் மீன் தின்னுமோ?"

"தின்னும். உங்கடை வாயிலை மண் விழாமல் காக்கப்போறது அதுதானே, தின்னட்டுமன்!"

அப்படிக் கேட்டவன் சின்னத்தம்பி. உனக்கு ஒன்றுவிட்ட தம்பி. முதல் மீனை வைத்ததும் அவன்தான். நல்ல விளைமீன் ஒன்று. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் வடக்குக் கரையின் முதல் மரத்தடியில் பாய் விரித்து, வள்ளத்துக்கு ஒரு மீனாக விழும். நீ நின்று ஏலம் கூறுவாய். மரத்து மீனை யாரும் சும்மா தூக்கிச் சட்டியில் போடக்கூடாது, வாங்கித்தான் தின்னலாம். அதில் வந்ததில் கயிறும் பட்டையும் எருவும் வாங்கினோம். கிடங்கு கிண்ட, கடப்பாரை மாதிரி ஒரு இரும்பு அலவாங்கும் வாங்கினோம். ஒழுங்கைக்கெல்லாம் பொதுவான அலவாங்கு. யார் வீட்டில் கிடங்கு கிண்டினாலும் அதுதான் போகும். கொல்லன் அதைத் தந்தபோது உன் உயரம் இருந்தது. நீ பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, "மச்சாள், எனக்கொரு மாப்பிள்ளை" என்று சிரித்தாய்.

மூன்று மாரி கழிய மரங்கள் கூரைக்கு மேலே நின்றன. மணல் நின்றது. கொப்புத் தறிக்கிற காலத்தில் புத்தூர்க்காரர் வண்டி கொண்டுவந்து, புகையிலைத் தோட்டத்தில் எருவாகத் தாழ்க்கக் குழை வாங்கிப் போனார்கள். அந்தக் காசும் மரத்துக்கே போனது. அயலட்டையிலிருந்து எங்கள் ஒழுங்கையைப் பார்க்க வந்தார்கள். மத்தியானத்தில் வலை பொத்துகிறவர்கள் எல்லாம் அதன் கீழேதான் இருப்பார்கள்.

பிறகு நீ அந்தப் பிழையைச் செய்தாய்.

பிழை என்று சொன்னதற்குக் கோபிக்காதே. ஒரு ஐப்பசியில் காற்றோடு பெருமழை பெய்து சின்னத்தம்பியின் வேலி அடியோடு போனது. அவன் பெண்சாதி தங்கம் பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள். வேலியில்லாத வளவில், காற்றடிக்கிற வீட்டுக்குள் குளிரில் கிடந்தாள். புது வேலிக்குக் கதியால் நட்டு வேர்விட நாள் எடுக்கும். அவன் வந்து உன் படலை வாசலில் நின்றான்.

"அக்கா, இந்த ஒரு மாரிக்கு மட்டும் உந்தப் பொது மரங்களிலை ஓலைக் கிடுகைக் கட்டி அடைக்கட்டே? பச்சை உடம்புக்காரி கிடக்கிறாள்."

நான் உள்ளே இருந்து, "வேண்டாமடி, வேலி விசயம்" என்றேன். நீ கேட்டாயா? "பிள்ளை குளிருதடி" என்று எழும்பிப் போனாய். போனது பெரிதல்ல. நீயே ஒழுங்கைப் பக்கம் நின்றாய்.

வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே நிற்கிறவன் குத்தூசியைக் கிடுகுக்குள்ளால் குத்தி வெளியே விடுவான். வெளியே நிற்கிற ஆள் ஊசிக் கண்ணில் கயிற்றைக் கோத்துத் திருப்பி விட வேண்டும். அந்த மற்றப் பக்கத்து ஆள் இல்லாமல் ஒரு முடிச்சும் விழாது. அதனால்தான் எங்கள் பகுதியில் மற்றப் பக்கம் நின்று கோத்துக் கொடுத்தவர், இந்த வேலி இவருக்குத்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. எழுத்தில்லாத உறுதி அது. உனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் மழைக்குள் நனைந்துகொண்டு, முடிச்சுக்கு முடிச்சு, கோத்துக் கோத்துக் கொடுத்தாய்.

அடுத்த வருசம் அவன் கேட்காமலே கிடுகு மாற்றினான். அதற்கு அடுத்த வருசம் படலை போட்டான். அவன் பக்கத்து மரங்கள் எல்லாம் அவன் வளவுக்குள் போய்விட்டன. இதற்கிடையில் அவன் மிசின் வள்ளம் வாங்கி, ஆள் வைத்துத் தொழில் செய்கிற சம்மாட்டி ஆகிவிட்டான். ஊரில் பாதி ஆம்பிளைகள் அவன் வள்ளத்தில்தான் தொழில். குழை வண்டி வந்தபோது தன் வளவு மரம் என்று தானே தறித்து விற்றான். சனிக்கிழமை மீனும் நின்றது. "என்ரை மரத்துக்கு நான் பாப்பன், உங்கடை மரத்துக்கு நீங்கள் பாருங்கோ." அவன் வைக்காவிட்டால் நாங்கள் ஏன் வைக்க வேண்டும் என்று மற்ற வள்ளங்களும் நிறுத்தின. துலாக்கயிறு அறுந்தது, வாங்க ஆளில்லை. வடக்குப் பக்கத்து மரங்கள் காய்ந்தன. காய்ந்த இடத்தால் மணல் திரும்பி வந்தது. பொது என்பது பல்வரிசை மாதிரி, மச்சாள். ஒன்று விழுந்தால் பக்கத்துப் பல்லும் ஆடும்.

நீ ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டாய். எல்லோரும் "ஓம் ஓம், கதைப்பம்" என்றார்கள். யாரும் கதைக்கவில்லை.

அந்த ஆவணி. அவன் வேலி அடைக்கிற நாள். கூலிக்கு ஒருவன் ஒழுங்கைப் பக்கம் நிற்கிறான். ஐஸ் லொறி வளவுக்குள் வரவேண்டும் என்று ஒரு மரத்தின் வேரைக் கிண்டியும் வைத்திருக்கிறார்கள். எங்கள் பொது அலவாங்கால்தான் கிண்டியிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் முற்றத்தில் சாளை அரிந்துகொண்டிருந்தோம். நீ மீன் கத்தியோடு எழும்பினாய். கழுவக்கூட இல்லை, கையெல்லாம் செதில். நேரே போய் முதல் முடிச்சை அறுத்தாய். இரண்டாவதை அறுத்தாய். கிடுகு ஒன்று சரிந்தது. கூலிக்காரன் ஒதுங்கிவிட்டான்.

"எடியே, ஆரின்ரை வேலியிலை கை வைக்கிறாய்?" என்று சின்னத்தம்பி பாய்ந்து வந்தான்.

"நான் கோத்த கயிறு. நானே அறுக்கிறன், தம்பி."

தம்பி என்றாய். அதுதான் நீ முழுதாகச் சொன்ன கடைசிச் சொல். அவன் அலவாங்கை இரண்டு கையாலும் தூக்கி உன் பிடரியில் அடித்தான்.

நீ உடனே விழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது. நின்றாய். மூன்றாவது முடிச்சில் கத்தியை வைத்தபடி நின்றாய். திரும்பி என்னைப் பார்த்தாய், வாயைத் திறந்தாய், வாயால் இரத்தம்தான் வந்தது. என்னடி சொல்ல வந்தாய்? ஓடு என்றா? பிடி என்றா? இல்லை, சாளையைப் பூனை தின்னப்போகிறது என்றா? நீ அப்படியும் சொல்லக்கூடியவள். வலித்ததா உனக்கு? இதையெல்லாம் நான் யாரிடம் கேட்பது?

அவன் இரண்டாம் தரம் ஓங்கும்போது நான் அவன் முதுகில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. கையில் ஒன்றும் இல்லை, கத்தியை முற்றத்தில் விட்டுவிட்டேன். அகப்பட்டது காது. கடித்தேன். அவன் என்னை மரத்தோடு அடித்து அடித்து உதறினான், நான் விடவில்லை. காதில் பாதி என் வாய்க்குள் வந்த பிறகுதான் விழுந்தேன். உன்னை வண்டியில் தூக்கிக் கிடத்தும்வரை அதைத் துப்பாமலே உன் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேனாம். எனக்கு ஞாபகமில்லை. உப்பு மட்டும் ஞாபகம். வண்டி ஒழுங்கை முடியுமுன் உன் கை குளிர்ந்துவிட்டது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் கத்தியை எடுத்தார்கள்.

கோட்டில் வழக்கு நடந்த விதத்தை நீ அறியமாட்டாய். அறியாமல் இருப்பது நல்லது, ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு அங்கே நின்று பார்த்த நம் சனம் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, "அலவாங்கு மண்ணிலை நட்டுக்கொண்டு நிண்டது, அவ தடக்கி அதிலை விழுந்தவ" என்றார்கள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிற வாய்கள். அவன் வள்ளம் போகாவிட்டால் அடுப்பு எரியாதே. அவனுடைய சட்டத்தரணி என்னைக் கேட்டார்.

"முதல் வருசம் வேலி அடைக்கேக்கை மற்றப் பக்கம் நிண்டது ஆர் அம்மா?"

"ராசு."

"குத்தூசியிலை கயிறு கோத்துக் குடுத்தது ஆர்?"

"ராசு. பிள்ளை குளிருது எண்டு..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ."

அவன் விடுதலையாகி வெளியே வந்தான். எனக்குத் தண்டம் போட்டார்கள், காதுக்கு. அலவாங்கு பொலிசில் கிடந்து திரும்பி வந்தது. இரத்தம் பட்ட சாமான், யாரும் தொடவில்லை. அவனே தூக்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகுதான் உன் அண்ணை, என்ரை மனுசன், எழும்பினார். உனக்குக் கொள்ளி வைத்த கை. தீர்ப்புக்கு மறுநாள் பட்டப்பகலில், கடற்கரை முழுக்கச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, மண்ணெண்ணெய்த் தகரத்தோடு போய் அவன் மிசின் வள்ளத்தைக் கொளுத்தினார். கையில் மீன் குத்துகிற மண்டா. "ஆராவது அணைக்க வந்தால் குத்துவன்" என்றார். யாரும் வரவில்லை. வள்ளம் எரிந்து நீரில் இறங்கியபிறகு மணலில் குந்தியிருந்து சுருட்டுப் பற்ற வைத்தார், பொலிஸ் வரும்வரைக்கும். போகும்போது என்னிடம் ஒரே ஒரு வார்த்தை: "மண்டாவைத் துருப்பிடிக்க விடாதை."

அவர் வருசக்கணக்காகச் சிறை மறியலுக்குப் போக, ஊர் என் வீட்டுக்குக் கல் எறிந்தது. வள்ளம் எரிந்ததால் தொழில் போன வீடுகள் எல்லாம் எறிந்தன. உனக்காக அழாதவர்கள் பலகைக்கும் மிசினுக்கும் அழுதார்கள்.

ஆனால் ராசு, நான் ஒன்று செய்தேன். ஒவ்வொரு ஆவணியிலும் அவன் வேலி அடைத்த அன்றே, வெயில் சாயமுன், உன் கத்தியைக் கொண்டுபோய் முடிச்சுகளை அறுத்தேன். ஒளித்தல்ல. கூப்பிட்டுச் சொல்லிவிட்டே போவேன்: "எடேய் ஒற்றைக்காதா, ராசு வாறாள்!" முதல் வருசம் என் விலாவில் உதைத்தான். அடுத்த வருசம் அவன் ஆட்கள் மயிரில் பிடித்து ஒழுங்கை நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்; உச்சந்தலையில் ஒரு பிடி மயிர் இன்னும் முளைக்கவில்லை. அதற்கடுத்த வருசம் இடது கையை முறித்தான். வலக்கையால் அறுத்தேன். அவன் திரும்பக் கட்டுவான், அது வேறு. ஆனால் நான் அறுக்காமல் விட்ட வருசமில்லை.

என் மகன் பெரியவனாகி, "அம்மா, மண்டாவைத் தாங்கோ" என்று ஒருநாள் கேட்டான். கன்னத்தைப் பொத்தி அறைந்தேன். "உன்ரை கொப்பர் ஒராள் மறியலிலை கிடக்கிறது போதும். உன்ரை மாமி மரத்துக்குச் செத்தவள். நீ அவன்ரை பிணத்துக்குப் போய்ச் சாகப்போறியோ?" நானே அறுப்பதும் அடிவாங்குவதும் அதற்காகத்தான். நான் போகாவிட்டால் இவன் போவான்.

மெல்ல மெல்லப் பெண்டுகள் மாறினார்கள். நியாயம் கண்டு மாறினார்கள் என்று சொல்லமாட்டேன். மணல்தான் மாற்றியது. காய்ந்த மரங்களுக்குள்ளால் வந்த மணல் எந்தச் சட்டி என்று பார்க்கவில்லை. கூண்டில் ஏறிப் பொய் சொன்னவர்களின் சோற்றிலும் விழுந்தது. பேரப்பிள்ளைகளின் கண் பழுத்தது. போன மாரியில் ஒருத்தி என் படலைக்கு வந்து, உள்ளே வராமல் நின்று, "பாக்கியமக்கா, வாற முறை போகேக்கை என்னையும் கூப்பிடு" என்றாள். உன்மேல் பொய் சொன்னவள்களில் முதலாவது அவள்தான். அவள் முகத்தில் துப்பத்தான் வாயெடுத்தேன். "ஓம், கத்தியைத் தீட்டி வை" என்றுதான் வந்தது.

இந்த ஆவணி வந்தது. அவனுக்கு இப்போது பழைய வாழ்வு இல்லை, சின்ன வள்ளம் ஒன்றுதான். ஆனாலும் வேலியை விடவில்லை. கிடுகு கொண்டுவந்து இறக்கி வைத்துவிட்டு ஒழுங்கைப் பக்கத்துக்கு ஆள் தேடினான். ஒருவரும் வரவில்லை. போனால் வீட்டில் உலை வைக்கமாட்டோம் என்று பெண்டுகள் புருசன்மாருக்குச் சொல்லியிருந்தார்கள். தனியே அடைக்க முடியாதே. தங்கத்தைப் பிடித்துத் தள்ளி ஒழுங்கையில் நிறுத்தினான். உள்ளே இருந்து குத்தூசியை விட்டான்.

நாங்கள் மீன் கத்திகளோடு எதிரே நிற்கிறோம். ஊசி கிடுகுக்குள்ளால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தங்கம் கையில் கயிறு. கோக்கவில்லை.

"என்னடி, கோக்கிறியோ, செத்துப்போனியோ?"

தங்கம் எங்களைப் பார்த்தாள். பிறகு ஊசியைப் பிடித்தாள். பிடித்து, ஒரே இழுவையில் வெளியே உருவி எடுத்து, மடியில் செருகினாள்.

"ஊசியை விடடி!"

"விடமாட்டன். எனக்குக் குளிருது எண்டு கட்டின வேலி. எனக்கு இப்ப குளிரேல்லை."

அவன் படலையைப் பிய்த்துக்கொண்டு வந்தான். கையில் அதே அலவாங்கு. தங்கத்தின் தோளில் விழுந்தது அடி. தலைக்கு வைத்தது, அவள் சாய்ந்ததால் தோளோடு போனது. இரண்டாவதற்கு நாங்கள் விடவில்லை. எத்தனை பேர் அவன்மேல் விழுந்தோம் என்று தெரியாது. நகமும் பல்லும் முழங்காலும்தான். கத்திகளை மணலில் போட்டுவிட்டோம்; கத்தி பிடித்தால் ஒரு கை வீண். உனக்காக அழாத அத்தனை வருசத்துக்கும் சேர்த்து அவள்கள் அன்றைக்கு அடித்தார்கள். அவன் "அக்கா, அக்கா" என்று கத்தினான். எந்த அக்காவைக் கூப்பிட்டான்? உன்னைத்தானா?

அலவாங்கு என் கையில் வந்தது. கனம். உன் உயரம். முழங்காலுக்குக் கீழே ஒரு அடி போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. பொய் சொல்லமாட்டேன் ராசு, கோயில் மணி கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவன் மல்லாந்து கிடந்தான். நான் திரும்ப ஓங்கினேன், இந்த முறை தலைக்கு. பெண்டுகள் விலகி இடம் விட்டார்கள். ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். பாதிக் காதும் மணலுமாக அந்தத் தலை. எத்தனை இரவு அதை நான் உடைத்திருப்பேன், படுத்துக்கிடந்து!

தங்கம்தான், தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தபடி சொன்னாள்:

"பாக்கியமக்கா, பொதுச் சாமானை உந்த மண்டையிலை போட்டு ஊத்தையாக்காதேங்கோ. இன்னும் கிடங்கு கிண்டக் கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நம்புவாயா? ஓங்கின கையோடு சிரித்தேன். உன்னைச் சுடலையில் எரித்த பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், முகமெல்லாம் இரத்தமும் கீறலுமாக, பேய்கள் மாதிரி. சிரித்துச் சிரித்து அழுதோம். அலவாங்கை அவன் தலைக்குப் பக்கத்தில் மணலில் குத்தினேன். அவன் அந்தச் சத்தத்துக்கு மூத்திரம் பெய்துவிட்டான்.

அவன் அங்கே முனகிக்கொண்டு கிடக்க, நாங்கள் முடிச்சு முடிச்சாக அறுத்தோம். கடைசிக் கிடுகு விழும்போது அந்த மரங்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கயிறு வெட்டின தழும்பு அடிமரத்தைச் சுற்றி, கழுத்துச் சுருக்குப் போல. தழும்புக்கு மேலே ஒன்றும் குறையில்லாமல் பூத்திருந்தன.

பொலிஸ் வந்தது. அவன் கால் எப்படி முறிந்தது என்று கேட்டது. ஒழுங்கை முழுக்க ஒரே வாயாகச் சொன்னது: "அலவாங்கு மண்ணிலை நட்டுக்கொண்டு நிண்டது, அவர் தடக்கி அதிலை விழுந்தவர்." இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனையும் கேட்டாராம். அவனும் தங்கத்தைப் பார்த்துவிட்டு, "ஓம் ஐயா, தடக்கி விழுந்தனான்" என்றானாம். தங்கத்தின் மடியில் அப்போதும் ஊசி இருந்தது.

இப்போது புதினம் கேள். காய்ந்த இடமெல்லாம் புதுக் கதியால் நட்டாயிற்று. புத்தூரிலிருந்துதான், நீ கொண்டுவந்த அதே வீட்டுக்காரரிடம். கிழவர் உன் பெயரைக் கேட்டதும் கருவாடு வாங்காமல் ஏற்றிவிட்டார். துலாவுக்குப் புதுக் கயிறு. ஒழுங்கை முகப்பில் கரண்டு லைற் மரம் ஒன்று வந்திருக்கிறது. அதில் ஆடு கட்டக்கூடாது என்று சொன்னாலும் கட்டுகிறார்கள். போன சனிக்கிழமை அந்த முதல் மரத்தடியில் பாய் விரித்தோம். முதல் மீன் தங்கம் வைத்தாள், முறிந்த தோளைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து. விளைமீன். ஏலம் கூற ஆளில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உன்னைப் போலக் கணக்கு வருமா? ஏற்ற வேண்டிய விலையை இறக்கிக் கூவிவிட்டேன். "மாமி, மரம் பட்டினி கிடக்கப்போகுது" என்று பெடியள் பகிடி பண்ணினார்கள். பழகிவிடுவேன்.

அவன் வளவில் படுத்திருக்கிறான். கால் இனி நேராகாதாம். அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச்சொல்லி நீயும் கனவில் வராதே. வந்தால் உன்னோடும் சண்டைதான்.

உன் அண்ணை தையில் வெளியே வருகிறார். அதுதான் இப்போது என் நெஞ்சுக்குள் கிடக்கிற கல். வந்து, சோறு தின்னமுன் மண்டாவைக் கேட்பார். துருப்பிடிக்கவில்லை; கிழமைக்கொருமுறை எண்ணெய் போட்டிருக்கிறேன். உன் அண்ணை சொன்ன சொல் அல்லவா. ஆனால் முதலில் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மரங்களைக் காட்டுவேன். உங்கடை தங்கச்சி நட்டது நிற்கிறது, அவள் கோத்த கயிறு போய்விட்டது, மண்டாவால் மீன் குத்திக்கொண்டு வந்து பாயில் வையுங்கோ என்பேன். கேட்பார் என்று நினைக்கிறாயா? நீதானே அவரோடு பிறந்தவள், சொல்லேன்.

கேட்காவிட்டால், படலையில் நான் நிற்பேன். அவருக்கும் இரண்டு காது இருக்கிறது.

இது உனக்கு நான் செய்கிற சத்தியம்: தங்கம் உருவின குத்தூசி இப்போது எங்கள் வீட்டுக் கூரையில் செருகியிருக்கிறது. நான் இருக்கும்வரை அந்த மரங்களில் ஒரு கயிறும் ஏறாது. அவன் கட்டினாலும் சரி, என் பிள்ளை கட்டினாலும் சரி, மற்றப் பக்கம் நின்று கோத்துக் கொடுக்க இந்த ஒழுங்கையில் இனி ஒரு கையும் இல்லை.

நாளைக்கு உனக்குப் படைக்க விளைமீன் வாங்கி வைத்திருக்கிறேன். பயப்படாதே, மரத்து மீன்தான், இன்றைக்கு ஏலத்தில் வாங்கினது.

பல்லுள்ள வரைக்கும்,
உன்ரை மச்சாள்
பாக்கியம்